போவா பாம்பும் நிறக் கணக்கும்: பிள்ளை கேட்கும் முன் தெரிஞ்சுக்கலாம்

அமெரிக்காவிலோ கனடாவிலோ இங்கிலாந்திலோ இருக்கும் நம்மாட்கள் பலருக்கு ஊர்வனக் கண்காட்சி புதுசு இல்லை. வார இறுதியில் ஒரு பெரிய ஹால், வரிசையா மேசைகள், ஒவ்வொரு மேசையிலும் மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாக்கள். பிள்ளைகள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவார்கள். பெரியவர்கள் "தூரமா நின்னு பாரு"ன்னு சொல்லிக்கொண்டே பின்னால் போவார்கள். டப்பாவுக்குள்ளே எலுமிச்சை மஞ்சள், ரோஜா நிறம், சாம்பல், பால் வெள்ளை என்று விதவிதமாகச் சுருண்டு கிடப்பவை பெரும்பாலும் இரண்டே வகைதான். ஒன்று ஆப்பிரிக்கப் பந்து மலைப்பாம்பு. இன்னொன்று போவா கன்ஸ்ட்ரிக்டர்.

டப்பாவின் மேல் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். "சன்க்ளோ, ஆண்", "ஹைப்போ, 66 சதவீத ஹெட் அல்பினோ", "கால் வகை ஸ்னோ" என்று என்னென்னவோ எழுதி, பக்கத்தில் விலை. ஒரே மாதிரி தெரியும் இரண்டு குட்டிகளில் ஒன்றின் விலை மற்றதைப் போல ஐந்து மடங்கு இருக்கும். பத்து பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு அந்தச் சீட்டு அத்துபடி, ஏன்னா யூடியூபில் பார்த்திருக்கும். நமக்குத்தான் புரியாது. பிள்ளை ஒருநாள் "அப்பா, எனக்கு ஒரு சன்க்ளோ வேணும்"ன்னு கேட்டால், சரி என்றோ வேண்டாம் என்றோ சொல்வதற்கு முன்னால் அந்தச் சீட்டைப் படிக்கத் தெரிந்திருப்பது நல்லது. அதில் என்ன எழுதியிருக்கிறது என்பதோடு, என்ன எழுதாமல் விட்டிருக்கிறார்கள் என்பதும் முக்கியம்.

முதலில், போவா என்றால் என்ன?

மெக்சிகோவிலிருந்து அர்ஜென்டினா வரைக்கும் காடு, வயல், ஆற்றங்கரை எல்லா இடத்திலும் வாழும் பாம்பு இது. விஷம் கிடையாது. இரையைச் சுற்றி இறுக்கிக் கொல்லும். மூச்சுத் திணறடித்துக் கொல்கிறது என்றுதான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். 2015-இல் வந்த ஆய்வு, இறுக்கத்தில் எலியின் ரத்த ஓட்டமே நின்றுவிடுகிறது, மூச்சு முட்டுவதற்கு முன்பே கதை முடிந்துவிடுகிறது என்று காட்டியது. பெண் பாம்பு 2 முதல் 3 மீட்டர் வரை வளரும். ஆண் கொஞ்சம் சின்னது. மத்திய அமெரிக்காவில் இருப்பதை இப்போது பலரும் தனி இனமாகவே பிரித்துவிட்டார்கள். வீடுகளில் வளர்ப்பது பெரும்பாலும் அந்த மத்திய அமெரிக்க, கொலம்பிய வகைதான்.

நம்ம ஊர் மலைப்பாம்பு முட்டை போட்டு அடைகாக்கும். போவா அப்படி இல்லை, குட்டிதான் போடும். ஒரு ஈற்றில் 10 குட்டியும் வரலாம், 60 குட்டியும் வரலாம். ஒரே தாய்க்கு ஒரே நாளில் இத்தனை குட்டி பிறப்பதால்தான் நிறக் கணக்கு இந்தப் பாம்பில் இவ்வளவு தெளிவாகத் தெரிகிறது. அதைப் பிறகு பார்ப்போம்.

போவா குடும்பத்துக்கும் நமக்கும் ஒரு சின்ன உறவும் உண்டு. இதன் பெரியண்ணன் அனகொண்டா. தென் அமெரிக்கப் பாம்புக்கு அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்பதற்கு, தமிழ் 'ஆனைக்கொன்றான்' என்பதுதான் மூலம் என்று ஒரு கருத்து 19-ஆம் நூற்றாண்டிலிருந்தே இருக்கிறது. சிங்களச் சொல்லிலிருந்து வந்தது என்பது இன்னொரு கருத்து. எப்படியானாலும் 1693-இல் ஆங்கிலேய இயற்கையியலாளர் ஜான் ரே எழுதிய பட்டியலில் அந்தப் பெயர் இலங்கைப் பாம்பு ஒன்றுக்குத்தான் இருந்தது. பெயர் மட்டும் பிறகு கடல் தாண்டிப் போய்விட்டது, நம்மைப் போலவே.

தமிழ்நாட்டுக் காட்டிலும் போவாவின் உறவுக்காரர் ஒருத்தர் உண்டு. மண்ணுளிப் பாம்பு. வாலும் தலை மாதிரி மொட்டையாக இருப்பதால் 'இரட்டைத்தலைப் பாம்பு' என்று சொல்லி, வீட்டில் வைத்தால் பணம் கொட்டும் என்று ஏமாற்றி விற்கிறார்களே, அதே பாம்புதான். அதுவும் குட்டி போடும். அதைப் பிடிப்பதும் விற்பதும் இந்தியச் சட்டப்படி குற்றம்.

நிறம் எங்கே இருக்கிறது?

பாம்பின் தோலில் நிறம் கொடுக்கும் செல்கள் முக்கியமாக மூன்று வகை. ஒன்று கறுப்பும் பழுப்பும் தரும். நம் தோலிலும் முடியிலும் இருக்கிற அதே மெலனின்தான் அது. இரண்டாவது வகை மஞ்சளும் சிவப்பும் தரும். மூன்றாவதில் நிறமே கிடையாது. கண்ணாடிச் சில்லு மாதிரி நுண்ணிய படிகங்கள் அடுக்கடுக்காக இருக்கும், அவை ஒளியைச் சிதறடித்துப் பளபளப்பைத் தரும். போவாவை வெயிலில் திருப்பினால் மயில் கழுத்து மாதிரி மின்னுவதும் இப்படி ஒளி தோலில் பட்டுத் திரும்பும் விதத்தால்தான்.

இந்த மூன்றும் ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்து, காட்டில் காய்ந்த சருகுக்கு நடுவே கண்ணுக்கே தெரியாத பழுப்புப் பாம்பு உருவாகிறது. முதுகில் சேணம் போட்ட மாதிரிப் பட்டைகள், வாலில் செங்கல் சிவப்பு. இதுதான் இயல்பான போவா. வளர்ப்பவர்கள் இதை 'நார்மல்' என்பார்கள்.

இப்போது மூன்றில் ஒன்றைத் தயாரிக்கும் மரபணு பழுதாகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். மெலனின் மட்டும் இல்லை என்றால் என்ன ஆகும்? நாம் நினைப்பது மாதிரி பாம்பு வெள்ளையாகிவிடாது. கறுப்பு போய்விடும், மஞ்சளும் சிவப்பும் அப்படியே நிற்கும். அதுதான் அல்பினோ போவா. மஞ்சள் உடம்பு, ஆரஞ்சுப் பட்டை, சிவந்த கண். மாறாக, சிவப்பு மட்டும் இல்லை என்றால் கறுப்பு வெள்ளைப் படம் மாதிரிச் சாம்பல் பாம்பு கிடைக்கும். அதை 'அனெரி' என்பார்கள். கறுப்பும் இல்லை, சிவப்பும் இல்லை என்றால்தான் வெள்ளை. அது 'ஸ்னோ'.

கறுப்பு முழுசாகப் போகாமல் குறைந்து மட்டும் போனால் 'ஹைப்போ'. ரோஜா நிறம் தூக்கலாகத் தெரிவதால் 'சால்மன்' என்றும் சொல்வார்கள். இந்த ஹைப்போவும் அல்பினோவும் ஒரே பாம்பில் சேர்ந்தால் 'சன்க்ளோ'. ஹைப்போவும் அனெரியும் சேர்ந்தால் 'கோஸ்ட்'. மூன்றும் ஒன்றாகச் சேர்ந்தால் 'மூன்க்ளோ'. பெயர்கள் பத்து இருபது இருந்தாலும் சரக்கு மூணு நாலுதான். ரவை ஒன்றை வைத்துக்கொண்டு உப்புமா, கிச்சடி, கேசரி என்று நாம் பெயர் வைப்பதில்லையா, அப்படித்தான்.

பாம்பின் கால் பாம்பறியும்

வளர்ப்பு உலகில் புகழ்பெற்ற அல்பினோ வம்சங்களில் ஒன்றுக்கு 'கால்' வகை என்று பெயர். நம்ம கை கால் இல்லை. பீட் கால் என்ற அமெரிக்க வளர்ப்பாளரின் பெயர். (போவாவுக்கு நிஜமாகவே கால் உண்டு என்பது வேறு விஷயம். வால் தொடங்கும் இடத்தில் இரண்டு பக்கமும் சின்ன நகம் மாதிரி நீட்டிக்கொண்டிருப்பது, முன்னோருக்கு இருந்த பின்னங்காலின் மிச்சம். பழமொழி பொய் இல்லை.) இன்னொரு வம்சம் 'ஷார்ப்' வகை. அதுவும் ஒரு வளர்ப்பாளர் பெயர்தான். இரண்டுமே அல்பினோ. பார்த்தால் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும்.

சரி, கால் வகை அல்பினோ ஆணையும் ஷார்ப் வகை அல்பினோ பெண்ணையும் சேர்த்தால் குட்டிகள் எப்படி இருக்கும்? அல்பினோவாகத்தானே இருக்கணும்? இல்லவே இல்லை. எல்லாக் குட்டியும் நார்மலாகப் பிறக்கும்!

மெலனின் செய்வது ஒரு சமையல் மாதிரி, பல படிகள். ஒரு வம்சத்தில் அடுப்பு பழுது, இன்னொன்றில் அரைவை இயந்திரம் பழுது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வீட்டிலும் இட்லி வேகாது. ஆனால் குட்டிக்கு ஒரு வீட்டிலிருந்து நல்ல அடுப்பும் இன்னொரு வீட்டிலிருந்து நல்ல இயந்திரமும் வந்துவிட்டால் இட்லி தயார். மனிதர்களிலும் இதே கதைதான். வெவ்வேறு வகை அல்பினிசம் உள்ள இருவர் கல்யாணம் செய்துகொண்டு, பிள்ளைகள் இயல்பான நிறத்தோடு பிறப்பது மருத்துவம் அறிந்த விஷயம்.

அதனால்தான் சீட்டில் வெறும் 'அல்பினோ' என்று மட்டும் எழுதியிருந்தால் விவரம் தெரிந்தவர்கள் "எந்த வகை?" என்று கேட்பார்கள்.

66 சதவீதம் என்றால்?

இது பள்ளிப் பாடம்தான். கிரிகோர் மெண்டல் பட்டாணிச் செடியில் கண்டது. ஒவ்வொரு மரபணுவும் இரண்டு பிரதி, தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று. அல்பினோ மாதிரி ஒடுங்கிய பண்பு வெளியே தெரியணும்னா இரண்டு பிரதியும் பழுதாக இருக்கணும். ஒன்று மட்டும் பழுது என்றால் பாம்பு பார்க்க நார்மல். ஆனால் உள்ளே மறைத்து வைத்திருக்கும். அதைத்தான் 'ஹெட்' என்கிறார்கள்.

இரண்டு ஹெட் பாம்புகளைச் சேர்த்தால் சராசரியாக நாலில் ஒரு குட்டி அல்பினோ. மீதி மூன்று பார்க்க நார்மல். அந்த மூன்றில் இரண்டு மறைத்து வைத்திருக்கும், ஒன்றில் இருக்காது. எது எது என்று கண்ணால் சொல்ல முடியாது. மூன்றில் இரண்டு என்பதால் '66 சதவீத ஹெட்'. அதாவது அந்தச் சீட்டு சொல்வது பாம்பைப் பற்றிய உண்மையை அல்ல, ஒரு வாய்ப்பை. லாட்டரிச் சீட்டு மாதிரிதான். பெற்றோரில் ஒன்று அல்பினோவாகவே இருந்திருந்தால் எல்லா நார்மல் குட்டியும் நிச்சயம் ஹெட், அது '100 சதவீதம்'.

ஸ்னோ வேண்டும் என்றால் கணக்கு இன்னும் கடினம். அல்பினோ, அனெரி இரண்டையும் மறைத்து வைத்திருக்கும் ஜோடியில் பதினாறில் ஒன்றுதான் ஸ்னோவாகப் பிறக்க வாய்ப்பு. 25 குட்டி பிறந்தால் ஒன்றோ இரண்டோ கிடைக்கலாம், ஒன்றுமே கிடைக்காமலும் போகலாம். குட்டி பெரிசாகிக் குட்டி போடும் வயசுக்கு வரவே சில வருஷம் ஆகும். விலை ஏன் அப்படி இருக்கிறது என்பது இப்போது புரிந்திருக்கும்.

எல்லா நிறமும் ஒடுங்கிய பண்பு இல்லை. ஹைப்போவுக்கு ஒரு பிரதி போதும். வடிவத்தை மாற்றும் 'ஜங்கிள்', 'மாட்லி' இரண்டும் அப்படித்தான். ஜங்கிளில் பட்டைகள் ஒன்றோடொன்று கலந்து கோணல்மாணலாக ஓடும். மாட்லியில் முதுகுப் பட்டைகள் இணைந்து வட்ட வட்டமாகத் தெரியும். இவற்றில் இரண்டு பிரதி சேர்ந்துவிட்டால் அதைச் 'சூப்பர்' என்பார்கள். சூப்பர் மாட்லி கிட்டத்தட்ட முழுக் கறுப்பு. அந்தக் கறுப்புக்கு ஒரு விலை உண்டு, அதற்கு வருகிறேன்.

அப்பா இல்லாமல் பிறந்த 22 பேர்

நிறம் வெறும் அழகுக்கு மட்டும் என்று நினைத்துவிட வேண்டாம். உயிரியல் பாடப்புத்தகத்தையே அது ஒருமுறை திருத்த வைத்திருக்கிறது.

அமெரிக்காவில் ஒரு வளர்ப்பாளரிடம் 'கேரமல்' நிறப் பெண் போவா ஒன்று இருந்தது. அது அரிய ஒடுங்கிய நிறம். ஆண் பாம்புகளோடு சேர்ந்து முன்பு சாதாரணமாகக் குட்டி போட்டிருக்கிறது. பிறகு இரண்டு ஈற்றுகளில் மொத்தம் 22 குட்டிகள். அத்தனையும் பெண். அத்தனையும் தாயைப் போலவே கேரமல். கூட இருந்த ஆண்களில் எதற்குமே அந்த நிற மரபணு கிடையாது! மேலே பார்த்த கணக்குப்படி குட்டிகள் எல்லாம் நார்மலாக அல்லவா இருக்க வேண்டும்?

வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் வாரன் பூத் தலைமையில் மரபணுச் சோதனை செய்து 2010-இல் முடிவை வெளியிட்டார்கள். அந்த 22 குட்டிகளுக்கும் அப்பாவே இல்லை. தாயின் முட்டையே தனியாக வளர்ந்து குட்டியாகியிருக்கிறது. கன்னிப் பிறப்பு. கொட்டகையில் ஆண் பாம்புகள் இருந்தும் அது நடந்திருக்கிறது. முதல் சந்தேகத்தைக் கிளப்பியது அந்தக் கேரமல் நிறம்தான். குட்டிகள் பழுப்பாகப் பிறந்திருந்தால் யாரும் கேள்வியே கேட்டிருக்க மாட்டார்கள்.

கதை அத்தோடு முடியவில்லை. மனிதர்களில் ஆணுக்கு எக்ஸ், ஒய் என்று இரண்டு வேறு குரோமோசோம். பாம்புகளில் இது தலைகீழ், பெண்ணுக்குத்தான் இரண்டு வேறு வேறு என்று பல பத்தாண்டுகளாகப் பாடம் நடத்தினார்கள். அந்தக் கணக்கில் அப்பா இல்லாமல் எல்லாமே பெண்ணாகப் பிறப்பது விசித்திரம். 2017-இல் டோனி கேம்பிளும் பூத்தும் சக ஆய்வாளர்களும் போவாவிலும் மலைப்பாம்பிலும் முறை நம்மைப் போலத்தான், ஆணுக்குத்தான் எக்ஸ், ஒய் என்று கண்டுபிடித்தார்கள். அப்புறம் புதிர் தானாக அவிழ்ந்தது. தாயிடம் ஒய் இல்லை, அதனால் குட்டிகள் எல்லாம் பெண். அவ்வளவுதான்.

சீட்டில் எழுதாத விலை

காட்டில் அல்பினோ பாம்பு எப்போதாவது பிறக்கும். பெரும்பாலும் சீக்கிரமே பருந்துக்கோ வேறு விலங்குக்கோ இரையாகும். பளிச்சென்று தெரிகிற குட்டி ஒளிவதெப்படி? அப்படிப் பிறந்த ஒன்றிரண்டைப் பிடித்து வந்துதான் இந்த வம்சங்கள் தொடங்கின. ஒரே ஒரு அல்பினோ இருந்தால் இன்னொரு அல்பினோ எப்படிக் கிடைக்கும்? அதன் குட்டியை அதனோடேயே சேர்க்க வேண்டும், அல்லது அண்ணன் தங்கைக் குட்டிகளை ஒன்றோடொன்று சேர்க்க வேண்டும். நெருங்கிய ரத்தத்தில் மறைந்திருப்பது வெளியே வரும் என்பதுதான் இந்தத் தொழிலின் அடிப்படை. நிறம் மட்டும் வெளியே வந்தால் பரவாயில்லை, கூடவே மறைந்திருக்கும் குறையும் வரும்.

இது நமக்குத் தெரியாத சங்கதி இல்லை. அத்தை மகன், மாமன் மகள், தாய்மாமன் என்று நெருங்கிய உறவில் கல்யாணம் செய்துகொண்ட குடும்பங்கள் நம்மில் நிறைய. அத்தை, மாமன் பிள்ளைகள் தங்கள் மரபணுக்களில் சராசரியாக எட்டில் ஒரு பங்கைப் பொதுவாக வைத்திருப்பார்கள். தாய்மாமனும் மருமகளும் என்றால் நாலில் ஒரு பங்கு. அதனால் இரண்டு பக்கமும் ஒரே மறைந்த குறை சந்திக்க வாய்ப்பு கூடுகிறது. கட்டாயம் வரும் என்று அர்த்தம் இல்லை, வாய்ப்பு கூடும் என்றுதான் அர்த்தம். உங்க வீட்டில் அப்படிக் கல்யாணம் நடந்திருந்தால், அடுத்த தலைமுறை குழந்தை பெறத் திட்டமிடும்போது மரபியல் ஆலோசகரிடம் ஒருமுறை பேசச் சொல்லுங்கள். வெளிநாட்டு மருத்துவமனைகள் பலவற்றில் அந்த வசதி இருக்கிறது. கூச்சப்பட ஒன்றுமில்லை.

பாம்புகளுக்கு ஆலோசகர் கிடையாது. சூப்பர் மாட்லி குட்டிகள் பல, வளர்ந்து ஆளாவதற்கு முன்பே இறந்துவிடுகின்றன என்று வளர்ப்பாளர்களே சொல்லியிருக்கிறார்கள். பந்து மலைப்பாம்பில் 'ஸ்பைடர்' என்ற வடிவம் இன்னும் தெளிவான உதாரணம். சிலந்தி வலை மாதிரி அழகான கோடுகள். ஆனால் தலை ஆடிக்கொண்டே இருக்கும். சில பாம்புகள் இரையைக் குறிபார்க்க முடியாமல் தவிக்கும், தலைகீழாகத் திரும்பிக்கொள்ளும். 2022-இல் வெளியான ஆய்வு இதற்குக் காரணம் உள்காது சரியாக உருவாகாததுதான் என்று ஸ்கேன் எடுத்துக் காட்டியது. கோட்டையும் ஆட்டத்தையும் பிரிக்கவே முடியாது, ஒரே மரபணுவின் இரண்டு முகம். எல்லா நிறமும் இப்படி இல்லை. அல்பினோ, அனெரி, ஹைப்போ போவாக்கள் பல தலைமுறையாக நன்றாகவே வாழ்ந்து வருகின்றன. அதனால் கேட்க வேண்டிய கேள்வி "இது அழகா?" என்பதல்ல. "இந்த நிறத்தோடு வேறு என்ன வருகிறது?" என்பதுதான்.

நிறத்துக்காக நடந்த திருட்டும் உண்டு. 2006-இல் பிரேசிலில் ரியோ டி ஜெனீரோ பகுதியில் கறுப்புக் கண்ணோடு முழு வெள்ளைப் போவா ஒன்று கிடைத்தது. அல்பினோ இல்லை, அது வேறு வகை. அதுவரை போவாவில் யாரும் பார்த்திராதது. நிட்டரோய் நகர உயிரியல் பூங்காவில் 'வைர இளவரசி' என்ற பொருள்படும் பெயரோடு இருந்தது. அங்கிருந்து காணாமல் போய், அமெரிக்காவுக்குக் கடத்தப்பட்டது. இரண்டு நாட்டு அதிகாரிகளும் விசாரித்து வழக்கு நடந்தது. கடைசியில் அதன் வாரிசுகள் சில பிரேசிலுக்கே திரும்பின. தாய் திரும்பவில்லை.

ஹோண்டுராஸ் கரைக்கு அப்பால் காயோஸ் கொச்சினோஸ் என்ற குட்டித் தீவுகளில் வெளிர் ரோஜா நிறப் போவா இயற்கையாகவே உண்டு. 1980-களில் செல்லப்பிராணிச் சந்தைக்காக ஆயிரக்கணக்கில் அள்ளிப்போய், கிட்டத்தட்ட அழிந்தே போய்விட்டது என்ற நிலை. பிறகு தீவுகளைப் பாதுகாப்புப் பகுதியாக்கிக் காவல் போட்டதால் மெல்ல மீண்டிருக்கிறது. இந்த விஷயத்தில் மட்டும் வளர்ப்புக்கு ஒரு நியாயம் உண்டு. வீட்டில் பிறந்த குட்டி கிடைக்கும்போது காட்டிலிருந்து பிடிக்க வேண்டியதில்லை. வாங்கினால் வளர்ப்பில் பிறந்ததைத்தான் வாங்கணும்.

சரி, வாங்கலாமா?

முதல் கேள்வி, நீங்க எந்த நாட்டில் இருக்கீங்க? சிங்கப்பூரில் பாம்பு வளர்க்கவே கூடாது. நியூசிலாந்தில் உயிரியல் பூங்காவில்கூடப் பாம்பு கிடையாது. ஆஸ்திரேலியாவில் உள்நாட்டுப் பாம்புக்கு உரிமம் வாங்கலாம், போவா மாதிரி வெளிநாட்டுப் பாம்பை வீட்டில் வைத்தால் குற்றம். மலேசியாவில் அனுமதி வாங்க வேண்டும். அமெரிக்காவில் பெரிய மலைப்பாம்புகள், அனகொண்டாக்கள் சிலவற்றுக்கு 2012-இலும் 2015-இலும் மத்திய அரசு கட்டுப்பாடு கொண்டு வந்தபோது போவா கன்ஸ்ட்ரிக்டரைப் பட்டியலில் சேர்க்கவில்லை. ஆனால் மாநிலத்துக்கு மாநிலம், ஊருக்கு ஊர் விதி வேறு. ஹவாயில் பாம்பு வைத்திருந்தால் 2 லட்சம் டாலர் வரை அபராதமும் சிறையும் உண்டு. கனடாவிலும் நகராட்சி விதியைப் பார்க்கணும். வாடகை வீடு என்றால் ஒப்பந்தத்தையும் பாருங்கள். நாடு மாறும்போது கூடவே பெட்டியில் கொண்டுபோகவும் முடியாது. போவா அனைத்துலக வணிகக் கட்டுப்பாட்டு ஒப்பந்தத்தின் கீழ் வருகிறது. எல்லை தாண்டினால் காகிதம் வேண்டும். சென்னை விமான நிலையத்தில் பயணிகளின் பெட்டியில் வெளிநாட்டுப் பாம்புகள் பிடிபட்ட செய்திகளை நீங்களே படித்திருப்பீர்கள்.

இரண்டாவது, எத்தனை வருஷம்? வளர்ப்புப் போவா 20 முதல் 30 வருஷம் வாழும். பிலடெல்பியா உயிரியல் பூங்காவில் ஒன்று 40 வயதைத் தாண்டி 1977-இல் இறந்தது. பன்னிரண்டு வயதில் கேட்கும் பிள்ளை ஆறு வருஷத்தில் கல்லூரிக்குப் போய்விடும். விடுதியில் பாம்புக்கு இடமில்லை. அப்புறம் யார் பார்ப்பது? அம்மாதான். அதனால் முடிவைப் பிள்ளை எடுக்கக்கூடாது, அம்மா எடுக்கணும்.

மூன்றாவது, சாப்பாடு. போவா சைவம் சாப்பிடாது. உறைய வைத்த எலியை வாங்கி, வெதுவெதுப்பாக்கிக் கொடுக்க வேண்டும். வளர்ந்த பாம்புக்கு இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை போதும். ஆனால் அந்த எலி எங்கே இருக்கும்? ஃப்ரீசரில். தோசை மாவும் தேங்காய்த் துருவலும் இருக்கும் அதே ஃப்ரீசரில் வைக்கக் கூடாது, தனியாகச் சின்னதாக ஒன்று வேண்டும். முட்டைகூடச் சேர்க்காத வீடுகளில் இதை முன்கூட்டியே பேசிவிடுங்கள். ஊரிலிருந்து வரும் பாட்டிக்கும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

நான்காவது, ஆரோக்கியம். ஊர்வனவற்றின் உடம்பில் சால்மொனெல்லா கிருமி இருக்கலாம், பாம்பு நன்றாகவே இருக்கும்போதுகூட. வீட்டில் ஐந்து வயதுக்குக் கீழே குழந்தை இருந்தாலோ, நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்த பெரியவர்கள் இருந்தாலோ வேண்டாம் என்றுதான் மருத்துவர்கள் சொல்வார்கள். தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவணும். பாம்புத் தொட்டியைச் சமையலறைத் தொட்டியில் கழுவக் கூடாது.

பாம்புக்கும் நோய் உண்டு. போவாவைத் தாக்கும் கொடிய நோய் ஒன்று பல பத்தாண்டுகளாகக் காரணம் புரியாமல் இருந்தது. தன் பாம்புக்கு அந்த நோய் இருக்குமோ என்று பயந்த ஒருவர் சான் ஃபிரான்சிஸ்கோவில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளருக்குக் கடிதம் எழுத, அதைத் தொடர்ந்து நடந்த ஆய்வில் 2012-இல் அதோடு தொடர்புள்ள புது வைரஸ்கள் கண்டுபிடிக்கப்பட்டன. மருந்து இன்னும் இல்லை, ஆனால் சோதனை உண்டு. விலை உயர்ந்த நிறத்தைக் கேட்கும்போது "இந்த வைரஸ் சோதனை செய்திருக்கீங்களா?" என்றும் கேளுங்கள். நல்ல வளர்ப்பாளர் கோபப்பட மாட்டார். தாய் தகப்பன் பாம்புகளைக் காட்டுவார், பிறந்த தேதியைச் சொல்வார், உங்களிடமும் நாலு கேள்வி கேட்பார். விற்பதில் மட்டும் அவசரம் காட்டுபவரிடம் வாங்காதீர்கள்.

ஐந்தாவது, இடம். வளர்ந்த பாம்புக்கு ஆறடி நீளம், இரண்டடி அகலமாவது உள்ள கூண்டு வேண்டும். ஒரு பக்கம் சுமார் 31, 32 டிகிரி செல்சியஸ் சூடு, மறுபக்கம் குளுமை. டொரன்டோ குளிரில் மின்சாரம் போனால் என்ன செய்வது என்றும் யோசிக்கணும். இரண்டு மீட்டரைத் தாண்டிய பாம்பைக் கையாளும்போது பெரியவர்கள் இரண்டு பேர் இருப்பது நல்லது. போட்டோவுக்காகக் குழந்தையின் கழுத்தில் போடுவது வேண்டவே வேண்டாம்.

கடைசியாக, வேண்டாம் என்று தோன்றினால் வெளியே விட்டுவிடாதீர்கள். மியாமியில் ஒரு பூங்காவைச் சுற்றி 1970-களிலிருந்தே போவாக்கள் குடியேறி இனம் பெருக்கி வருகின்றன. கரீபியனில் அரூபா தீவில் 1999-இல் முதலில் கண்டார்கள், இன்று அங்குள்ள பறவைக்கும் பல்லிக்கும் அது எமன். மெக்சிகோவின் கொசுமெல் தீவில் 1971-இல் ஒரு சினிமாப் படப்பிடிப்புக்குக் கொண்டுவந்த சில பாம்புகளை விட்டுவிட்டுப் போனதுதான் தொடக்கம் என்கிறார்கள். குளிர் நாட்டிலோ பாம்பு ஒரு குளிர்காலத்தில் செத்துப்போகும். இரண்டுமே பாவம். ஊர்வன மீட்பு அமைப்புகள் பல ஊர்களில் இருக்கின்றன, அவர்களிடம் கொடுங்கள்.

சொல்லப்போனால், அவர்களிடமிருந்தே வாங்கவும் செய்யலாம். யாரோ ஆசையாக வாங்கி, வளர்ந்ததும் பயந்துபோய்க் கொண்டுவந்து விட்ட பழுப்பு நிறப் போவாக்கள் அங்கே வீடு தேடிக் கொண்டிருக்கும். குணமும் தெரியும், அளவும் தெரியும், விலையும் குறைவு. பிள்ளைக்கு நிஜமாகவே பாம்பின் மேல் ஆசையா, சன்க்ளோ என்ற பெயரின் மேல் ஆசையா என்று தெரிந்துகொள்ள அதைவிட நல்ல வழி இல்லை. முதலில் ஆறு மாதம் வாரா வாரம் அங்கே போய்க் கூண்டு சுத்தம் செய்ய உதவச் சொல்லுங்கள். ஆறு மாதம் கழிச்சும் அதே ஆசை இருந்தால், அப்போ உட்கார்ந்து பேசலாம்.